ஆஸ்திரேலிய உச்சரிப்பைத் திரையில் நம்பவைப்பது எப்படி: வெளிநாட்டு நடிகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியப் பாத்திரம் கிடைத்த அன்றே பெரும்பாலான வெளிநாட்டு நடிகர்கள் செய்யும் முதல் காரியம், 'கடே மேட்' என்ற வாழ்த்தைக் கண்ணாடி முன் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதுதான். அந்த இரண்டே சொற்களில் ஆஸ்திரேலிய ஆங்கிலத்தின் மிகக் கடினமான உயிரொலி இரண்டு முறை வருகிறது. அடித்தளம் போடாமல் அதை முதலில் எடுப்பவர்களுக்குக் கேலிச்சித்திரம்தான் வாய்க்கிறது. பிறகு அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவே இரண்டு வாரங்கள் போய்விடுகின்றன. நடிகர்களோடு அமர்ந்து பயிற்சி செய்ததில் எனக்குத் தெளிந்தது இதுதான்: அவர்களில் பலருக்குக் காது நன்றாகவே இருக்கிறது, வேலையைச் செய்யும் வரிசைதான் தவறுகிறது. ஆகவே இங்கே படிகளை எந்த வரிசையில் தந்திருக்கிறேனோ அதே வரிசையில் செய்யுங்கள்.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒலி தோராயமாகத்தான் அமையும். இரண்டு ஒலிகளுக்கு மட்டும் இக்கட்டுரை முழுவதும் பெயர் வைத்துக்கொள்கிறேன். பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே வாய் விரிந்து வரும் ஒலியைப் 'பூனை ஒலி' என்றும், அழுத்தமில்லாத அசைகளில் வரும் தெளிவற்ற குறுகிய அகரத்தை 'மங்கல் அகரம்' என்றும் குறிப்பிடுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாள்தோறும் நாற்பது நிமிடம் என்ற கணக்கில் ஆறு வாரங்களாவது வேண்டும். இரண்டு வாரங்களில் மனப்பாடமான வசனங்களைச் சரியாகச் சொல்லிவிட முடியும். ஆனால் இயக்குநர் படப்பிடிப்புத் தளத்தில் ஒரு வரியை மாற்றினால் அங்கேயே சொந்த நாட்டு உச்சரிப்பு எட்டிப் பார்த்துவிடும்.

காதை மூடும் நல்ல ஹெட்போன், ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி, ஒலித்துண்டுகளை வெட்டி அடுக்க ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் ஆகியவை போதும். ஒலியைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலேயே மூழ்கி, பேசுவதை மறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கருவிகளைவிட முக்கியம், ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒருவரின் காது. அவர் மொழியியல் படித்திருக்கத் தேவையில்லை. நீங்கள் பேசும்போது எந்த இடத்தில் நம்பிக்கை அறுந்தது என்று கையை உயர்த்திக் காட்டினால் போதும். காரணத்தை அவரிடம் கேட்காதீர்கள். கேட்டால் அவர் ஒரு விளக்கத்தைக் கற்பித்துச் சொல்வார், அது பெரும்பாலும் தவறாக இருக்கும்.

2. பேசுபவர் யார் என்பதை முதலில் முடிவு செய்தல்

1965-இல் மிட்செல், டெல்பிரிட்ஜ் என்ற இரு அறிஞர்கள் ஆஸ்திரேலிய ஆங்கிலத்தை அகன்ற வகை, பொது வகை, பண்படுத்திய வகை என்று மூன்றாகப் பிரித்தார்கள். இவை மூன்று தனிப் பெட்டிகள் அல்ல, ஒரே கோட்டின் மூன்று இடங்கள். பெரும்பாலான மக்கள் நடுவில் உள்ள பொது வகையைப் பேசுகிறார்கள். பிரிட்டிஷ் சாயலுள்ள பண்படுத்திய வகை இன்று அருகிவருகிறது. முன்னாள் பிரதமர்களான மால்கம் ஃபிரேசர், பாப் ஹாக், ஜூலியா கில்லார்ட் ஆகிய மூவரின் பேச்சை அடுத்தடுத்துக் கேட்டால் இந்தக் கோட்டின் நீளம் காதுக்குப் புரிந்துவிடும். கில்லார்ட் வேல்ஸில் பிறந்து ஐந்து வயதளவில் அடிலெய்டுக்கு வந்தவர் என்பதையும், அவர் பேச்சில் அகன்ற வகையின் சாயல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

வெளிநாட்டவர் காதில் பதிந்திருப்பது பெரும்பாலும் 'குரோக்கடைல் டண்டி' பட நடிகர் பால் ஹோகன், தொலைக்காட்சியில் முதலைகளோடு தோன்றிய ஸ்டீவ் இர்வின் போன்றோரின் அகன்ற வகைதான். மெல்போர்ன் மருத்துவராகவோ சிட்னி வங்கி அலுவலராகவோ நடிப்பவர் அதைப் பேசினால், மதுரைப் பின்னணியுள்ள கல்லூரிப் பேராசிரியர் வகுப்பில் நகைச்சுவை நடிகரின் வட்டார வழக்கில் பாடம் நடத்துவதைப் போல இருக்கும்.

ஆகவே பாத்திரத்தைப் பற்றி ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: எந்த ஆண்டில் பிறந்தவர், நகரமா நாட்டுப்புறமா, எத்தகைய பள்ளியில் படித்தவர், பெற்றோர் வீட்டில் என்ன மொழி பேசினார்கள், இப்போது யாருடன் வாழ்கிறார். ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் உள்ள வேறுபாடு இங்கிலாந்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. வயதும் சமூகப் பின்னணியும்தான் அதிகம் பேசுகின்றன.

'லயன்' (2016) படத்தில் லண்டனில் வளர்ந்த தேவ் பட்டேல் ஏற்ற சரூ பிரையர்லி பாத்திரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சரூ மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவில் பிறந்து, சிறு வயதில் தொலைந்துபோய், டாஸ்மேனியக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்டு ஹோபார்ட்டில் வளர்ந்தவர். முகம் இந்திய முகம். ஆனால் நாக்கு ஹோபார்ட் பள்ளிக்கூடத்தில் உருவானது. அங்கே இந்தியச் சாயல் சிறிது கலந்தாலும் கதையே பொய்த்துவிடும். 'ஈவில் ஏஞ்சல்ஸ்' (1988) படத்தில் மெரில் ஸ்ட்ரீப் நடித்த லிண்டி சேம்பர்லேனோ நியூசிலாந்தில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். பிறந்த ஊரைவிட வளர்ந்த ஊரும், வீட்டில் காதில் விழுந்த குரல்களும் கணக்கில் வரவேண்டும் என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

3. ஒரே ஒரு மாதிரிக் குரலைத் தேர்ந்தெடுத்தல்

முந்தைய படியில் எழுதிய ஐந்து விடைகளுக்கும் ஓரளவு பொருந்தும் உண்மையான மனிதர் ஒருவரின் பேச்சு, குறைந்தது இருபது நிமிடம் இடைவிடாமல் வேண்டும். ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் நீண்ட வானொலி நேர்காணல்கள், கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள், உலகெங்கும் உள்ள ஆங்கிலப் பேச்சுகளைச் சேர்த்துவைத்திருக்கும் சர்வதேச ஆங்கில வட்டார வழக்குக் காப்பகம் ஆகிய மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கும்.

நடிகர்களையும் விளம்பரக் குரல்களையும் மாதிரியாகக் கொள்ளாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை வடிகட்டப்பட்டவர்கள். பழைய காலக் கதையானால் இன்னொரு பொறி இருக்கிறது. 1950-களின் வானொலிச் செய்தி வாசிப்பாளர்கள் பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றினார்கள். அக்காலத்து ஆட்டுப்பண்ணைத் தொழிலாளி அப்படிப் பேசவில்லை.

பல குரல்களைக் கலந்தால் ஒரு சொல் குயின்ஸ்லாந்து விவசாயிபோலவும் அடுத்த சொல் சிட்னி வழக்கறிஞர்போலவும் வரும். பார்வையாளர்களுக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பிழை என்று தெரிந்துவிடும்.

4. வாயின் இருப்பு

ஒலிகளைத் தொடுவதற்கு முன் மாதிரிக் குரலுக்கு உரியவரின் காணொளியை ஒலியில்லாமல் பாருங்கள். தாடை பெரிதாக இறங்குவதில்லை. உதடுகள் முன்னால் குவிவது குறைவு, பக்கவாட்டில் சற்று விரிகின்றன. நாக்கின் உடல் வாயின் முன்பாதியை நோக்கியே இருக்கிறது. இந்த இருப்பில் இரண்டு நிமிடம் முணுமுணுத்துவிட்டு அன்றாடப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். இருப்பு சரியாக அமைந்தால் பாதி உயிரொலிகள் தாமாகவே அருகில் வந்துவிடும். அமையாவிட்டால் ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியாகச் சுமந்து திரிய வேண்டியிருக்கும்.

ஈக்கள் வாய்க்குள் புகாமலிருக்கத்தான் ஆஸ்திரேலியர்கள் வாயைத் திறப்பதில்லை என்ற வேடிக்கைக் கதையை யாராவது சொல்வார்கள். சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள். அதை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் வசனம் புரியாது.

5. ரகரத்தை நீக்குதலும், தேவையான இடத்தில் மீட்டலும்

ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் உயிரொலிக்கு முன்னால் மட்டுமே ரகரம் ஒலிக்கும். 'கார்', 'பார்க்' என்னும் சொற்களில் அது இல்லை. முந்தைய உயிர் நீண்டு நிற்கும், அவ்வளவே. அமெரிக்கர்களுக்கும் ஐரிஷ்காரர்களுக்கும் இதுதான் முதல் வாரத்தின் முழு வேலை.

அவர்கள் இங்கே செய்யும் பிழை, எல்லா ரகரத்தையும் வெட்டிவிடுவது. சொல்லின் இறுதியில் எழுத்தில் ரகரம் இருந்து, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் ரகரம் திரும்பி வரும். 'தூரமாக' என்ற பொருள் தரும் 'ஃபார் அவே' என்பதில் அது தெளிவாகக் கேட்கும். அதற்கும் மேலாக, எழுத்தில் இல்லாத இடத்திலும் ஒரு ரகரம் நுழையும்: 'சட்டமும் ஒழுங்கும்' என்ற தொடரில் 'லா' என்ற சொல்லுக்கும் அடுத்த உயிருக்கும் இடையே 'லோ-ர-ன்' என்று ஒரு ரகரம் ஒலிக்கும். தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க ஒரே சொல் போதும்: உடம்படுமெய். நமக்கு இரண்டு உயிர்கள் சந்திக்கும் இடத்தில் யகரமும் வகரமும் வருவதைப் போல, அவர்களுக்கு இந்த இடங்களில் ரகரம் வருகிறது.

இந்த இணைப்பு இல்லாவிட்டால் பேச்சு சொல்சொல்லாக வெட்டுப்பட்டு, பாடம் ஒப்பிப்பதைப் போல ஒலிக்கும். ஆகவே பின்னர் வசனப் பிரதியைக் குறியிடும்போது இத்தகைய சந்திப்புகளை எல்லாம் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

6. குறிலும் நெடிலும்

ரகரம் போன இடத்தில் நீளம்தான் பொருளைக் காக்கிறது. 'வெட்டு' என்பதற்கான 'கட்' என்ற சொல்லுக்கும் வண்டியைக் குறிக்கும் 'கார்ட்' என்ற சொல்லுக்கும் ஆஸ்திரேலிய வாயில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நீளம் ஒன்றே: 'கட்', 'காட்'. கொட்டகை 'ஷெட்', பகிர்ந்துகொண்டது 'ஷேட்'. நமக்கு இது அரிச்சுவடியிலேயே வந்த குறில், நெடில். அமெரிக்க நடிகர்களுக்கு ஒரே ஒலியை நீட்டினால் வேறு சொல் ஆகும் என்பது புதிய செய்தி. அவர்கள் நெடிலைச் சுருக்கிவிடுவதால் 'இருட்டு' என்று சொல்ல வேண்டிய 'டாக்', வாத்தைக் குறிக்கும் 'டக்' ஆகிவிடுகிறது.

'கார்' என்ற சொல்லில் உள்ள ஆகாரம் லண்டன்காரர்களின் ஆகாரம்போலத் தொண்டையின் பின்புறத்தில் இராது. வாயின் நடுவிலோ சற்று முன்னாலோ இருக்கும். தமிழ் ஆகாரம் இதற்கு மிக அருகில் உள்ளது. தமிழ் நடிகர் இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் நடிகருக்கோ இந்த ஒரே ஒலிக்காக மூன்று நாள் ஒதுக்க வேண்டியிருக்கும். பின்புற ஆகாரம்தான் அவர்களை முதலில் காட்டிக்கொடுப்பது.

7. நகரும் உயிர்கள்: ஒன்றை நகர்த்தினால் அடுத்ததையும் நகர்த்த வேண்டும்

பயிற்சியின் பாதி நேரம் இந்தப் படிக்கே போக வேண்டும். தமிழில் ஐ, ஔ என்று இரண்டு கூட்டுயிர்கள் இருப்பதைப் போல ஆங்கிலத்தில் பல உண்டு. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் அவை அனைத்தும் தொடக்க இடத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன. பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஓரிடம் தள்ளி உட்கார்ந்தால் வரிசையில் எல்லாரும் நகர வேண்டியிருப்பதைப் போன்றது இது.

முதல் வரிசை மூன்று ஒலிகளைக் கொண்டது. நாளைக் குறிக்கும் 'டே' எகரத்தில் தொடங்காமல் பூனை ஒலியில் தொடங்கி இகரத்தை நோக்கிப் போகும். அதனால் அது 'இற' என்று பொருள்படும் 'டை' என்பதன் இடத்துக்கு நெருங்குகிறது. அந்த 'டை' தன் இடத்தைவிட்டுப் பின்னால் நகர்ந்து, சற்றே ஒகரச் சாயலுள்ள ஆகாரத்தில் தொடங்குகிறது. சிறுவனைக் குறிக்கும் 'பாய்' அதற்கும் இடம் கொடுத்து, மேலே ஏறி, மூடிய ஓகாரத்தில் தொடங்குகிறது.

புதியவர்கள் முதல் ஒலியை மட்டும் நகர்த்துகிறார்கள். அப்போது 'டே', 'டை' இரண்டும் ஒன்றாகி, 'இன்றைக்கு வருகிறேன்' என்று சொல்ல நினைத்தவர் 'சாக வருகிறேன்' என்று சொல்லிவிடுகிறார். ஆஸ்திரேலியர்கள் அந்தச் சொற்களைக் குழப்பிக்கொள்வதே இல்லை. வெளியாள் காதுக்குத்தான் அப்படிப் படுகிறது. ஆகவே 'பே, பை, பாய்' என்று மூன்றையும் சேர்த்தே பயிலுங்கள். தனியே ஒன்றைப் பயிலாதீர்கள்.

இரண்டாவது வரிசை 'நோ', 'நவ்' என்னும் சொற்களுக்குரியது. 'இல்லை' என்ற பொருளுடைய 'நோ' மங்கல் அகரத்தில் தொடங்கி, நாக்கு முன்னால் வந்த ஓர் உகரத்தில் முடியும். 'இப்போது' என்ற பொருளுடைய 'நவ்' பூனை ஒலியில் தொடங்கி ஒகரத்தை நோக்கிப் போகும். 'நோ' என்பதைச் சிலர் 'நொய்' என்று சொல்லிக் காட்டி மகிழ்வார்கள்; முடிவில் உள்ள முன் உகரத்தை இகரமாக மிகைப்படுத்துவதால் வரும் விளைவு அது. அகன்ற வகைப் பாத்திரத்திலும் அவ்வளவு தேவைப்படாது.

மூன்றாவது இரட்டை சிறியது, ஆனால் நுட்பமானது. 'பார்' என்ற பொருளில் வரும் 'சீ' என்ற சொல்லில் ஈகாரத்துக்கு முன்னால் மிகச் சிறிய மங்கல் அகரம் ஒன்று உண்டு. உணவைக் குறிக்கும் 'ஃபூட்' என்ற சொல்லின் ஊகாரம் தமிழ் ஊகாரத்தைவிட மிக முன்னால் ஒலிக்கும். உதடு ஓரளவு குவிந்திருக்க, நாக்கு ஈகாரத்தின் பக்கம் போய்விடும். பொது வகையில் இந்த நகர்வுகள் எல்லாம் சிறியவை; அகன்ற வகையில் பெரியவை, மெதுவானவை. ஆகவே பொது வகையை முழுவதும் கற்ற பிறகு, பாத்திரத்துக்குத் தேவையானால் நகர்வின் நீளத்தைக் கூட்டுங்கள். அகன்றதிலிருந்து பொதுவுக்கு இறங்குவது கடினம். கூட்டிச் சொல்லப் பழகிய வாய் குறைத்துச் சொல்ல மறுக்கும்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நாம் 'டே' என்று தூய ஏகாரத்தோடு சொன்னால் ஆஸ்திரேலியர் காதில் அது 'துணிவு' என்ற பொருளுடைய 'டேர்' என்ற சொல்லாக விழும்; ஏனெனில் ரகரம் நீங்கிய அந்தச் சொல்தான் அங்கே தூய ஏகாரத்துக்கு உரியது. அவ்வாறே தூய ஓகாரத்தில் சொன்ன 'கோட்' அங்கே மேலங்கியைக் குறிக்காது, நீதிமன்றத்தைக் குறிக்கும். நம் ஏ, ஓ இரண்டும் வீணாகவில்லை, வேறு சொற்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இதைச் சொன்ன மாத்திரத்தில் தெளிவடைந்து ஒரே வாரத்தில் பெரிய மாற்றம் கண்ட நடிகர்கள் உண்டு.

8. அண்டை உச்சரிப்புகளில் வழுக்குதல்

கூட்டுயிர்கள் அமைந்ததும் இரண்டு பக்கங்களில் வழுக்கும். லண்டன் பகுதி நடிகர்கள் தங்கள் ஊர்க் காக்னி வழக்கில் விழுவார்கள். அதிலும் 'டே', 'டை' இதே திசையில் நகர்ந்திருப்பதே காரணம். முன்பு சொன்ன முன் ஆகாரத்தையும், சொல்லின் நடுவில் தகரத்தை (ஆங்கில 't' ஒலியை) தொண்டையில் விழுங்காமல் இருப்பதையும் காவலாக வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

அமெரிக்கர்கள் நியூசிலாந்துக்குப் போய்விடுவார்கள். மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்' ஆஸ்திரேலியாவில் தெளிவான இகரம். நியூசிலாந்தில் அது மங்கல் அகரத்தை நெருங்கி 'ஃபஷ்' ஆகும். நியூசிலாந்தில் எகரம் இகரத்தை நோக்கி ஏறும். ஆறு என்ற எண்ணைக் குறிக்கும் 'சிக்ஸ்' என்ற சொல்லை இகரத்தோடு பத்து முறை சொல்லிவிட்டுத் தொடங்கினால் அந்தப் பக்கம் போகமாட்டீர்கள்.

9. மெய்யொலிகள்

'வாட்டர்', 'பெட்டர்' போன்ற சொற்களில் உயிர்களுக்கு இடையே வரும் தகரம் இயல்பான பேச்சில் நாநுனி ஒரே தட்டாகத் தட்டும் ஒலியாகிவிடும். தமிழின் இடையின ரகரமே ஏறத்தாழ அந்த ஒலி. ஆகவே தண்ணீரைக் கேட்கும்போது 'வோர' என்று தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, கடைசி அகரத்தைச் சற்றுத் திறந்து சொன்னால் எளிதில் வரும். அமெரிக்கர்களுக்கு இந்தத் தட்டு ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டிஷ் நடிகர்கள்தான் இதைச் சேர்க்க வேண்டும். கண்டிப்பான, சினந்த பேச்சில் ஆஸ்திரேலியர்கள் தகரத்தைத் தெளிவாகவும் ஒலிப்பார்கள்; அந்தத் தேர்வை நடிப்புக்குப் பயன்படுத்தலாம்.

லகரம் நம்முடையதைப் போல மெல்லியதன்று. நாக்கின் பின்பகுதி உயர்ந்து கனத்து ஒலிக்கும். பாலைக் குறிக்கும் 'மில்க்' போன்ற சொற்களில் பலருக்கு அது ஒகரம்போலவே கரைந்துவிடும். தமிழ் நடிகர்களின் சொல்லிறுதி லகரம் மிகத் தெளிவாக ஒலிப்பதால் அதைத் தனியே கவனிக்க வேண்டும். நம் டகரத்தில் நாக்கு மேலே வளைவதையும் நிறுத்தி, நுனியைப் பல்லின் மேல்ஈறுக்குக் கொண்டுவர வேண்டும்.

செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்தில் தகரமும் யகரமும் சேர்ந்து சகரமாகி, 'ச்சூஸ்டே' என்று ஒலிக்கும். அமெரிக்கர்கள் யகரத்தை விட்டுவிட்டு 'டூஸ்டே' என்பதால், இது வரும் இடங்களை வசனத்தில் தேடிக் குறித்துவைக்க வேண்டும்.

10. அழுத்தமில்லாத அசைகளும் ஊர்ப்பெயர்களும்

குற்றியலுகரத்தில் உகரம் தன் மாத்திரையில் பாதியை இழப்பதைப் போல, ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத அசைகள் மங்கல் அகரமாகச் சுருங்கும். முயலைக் குறிக்கும் 'ராபிட்' என்ற சொல்லின் இரண்டாம் அசையில் இகரம் கேட்காது. எழுத்துப்படி எல்லா அசைகளுக்கும் சம மதிப்புக் கொடுப்பது இந்திய நடிகர்களின் பொதுவான பிழை.

இதன் பயன் ஊர்ப்பெயர்களில் உடனே தெரியும். நாம் மெல்போர்ன் என்று எழுதும் ஊர் அங்கே 'மெல்பன்'. விக்டோரியா மாநிலத்தவர் சிலர் வாயில் முதல் அசை பூனை ஒலியாகவே மாறிவிடும். பிரிஸ்பேன் 'பிரிஸ்பன்'. டாஸ்மேனியாவின் லான்செஸ்டன் மூன்று அசைகளோடு, முதல் அசை குறுகிய ஒகரமாக 'லொன்-சஸ்-டன்' என்று ஒலிக்கும். பாத்திரம் தன் சொந்த ஊரின் பெயரைத் தவறாகச் சொன்னால் மற்ற எல்லா உழைப்பும் அந்த ஒரு சொல்லில் போய்விடும்; ஆகவே கதையில் வரும் ஒவ்வோர் ஊர்ப்பெயரையும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

நடனத்தைக் குறிக்கும் 'டான்ஸ்', செடியைக் குறிக்கும் 'பிளான்ட்' போன்ற சொற்களில் மட்டும் மாநிலம் ஓரளவு பேசும். தெற்கு ஆஸ்திரேலியாவில் பலர் ஆகாரத்தோடு சொல்வார்கள். மற்ற இடங்களில் பூனை ஒலி பரவலாகக் கேட்கும். மாதிரிக் குரல் எதைச் சொல்கிறதோ அதையே எடுத்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

11. பேச்சின் இசை

செய்தி சொல்லும் வாக்கியம்கூடக் கேள்விபோல முடிவில் ஏறும் பழக்கம் ஆஸ்திரேலியப் பேச்சில் உண்டு. கதை சொல்லும்போது 'கேட்கிறாயா, புரிகிறதா' என்று எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளவும், 'இன்னும் முடிக்கவில்லை' என்று காட்டவும் அது உதவுகிறது. தமிழில் நாம் இடையிடையே சேர்க்கும் 'என்ன?', 'தெரியுதா?' போன்றவற்றின் வேலையை அங்கே குரலின் ஏற்றமே செய்கிறது எனலாம்.

ஆனால் அதை எல்லா வாக்கியத்திலும் வைப்பவர் நடிக்கிறார் என்று உடனே தெரியும். கட்டளையிலும், துயரச் செய்தியிலும், ஒரே சொல் விடையிலும் அதை வைக்காதீர்கள். மாதிரிப் பதிவில் ஐந்து நிமிடத்தை எடுத்து, ஏற்றம் வரும் இடங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் நினைத்ததைவிட மிகக் குறைவாக இருக்கும்.

உயிர்கள் சரியான பிறகே இசைக்கு வர வேண்டும். முன்னதாகவே இசையைப் பிடித்தவர்கள் அதன் உற்சாகத்தில் உயிர்களின் பிழையைக் கேட்கத் தவறிவிடுகிறார்கள்.

12. வசனப் பிரதியைக் குறியிடுதல்

நான்காம் வாரத்துக்கு முன் வசனத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. முதலில் தொட்டால் வசனம் பழைய உச்சரிப்போடு மனப்பாடமாகிவிடும். இப்போது நான்கு நிறப் பேனாக்களை எடுங்கள்: நகரும் உயிர்களுக்கு ஒன்று, நீக்க வேண்டிய ரகரத்துக்கு ஒன்று, உடம்படுமெய்யாக வரும் ரகரத்துக்கு ஒன்று, தட்டொலிக்கு ஒன்று. குறியிட்ட பிரதியை இரண்டு வாரம் மட்டும் பயன்படுத்திவிட்டு, குறிகள் இல்லாத பிரதிக்கு மாறிவிடுங்கள். குறிகளோடே தளத்துக்குப் போனால் நடிகரின் கண்களில் அவை தெரியும்.

பிற்பகலைக் குறிக்கும் 'ஆவோ', காலை உணவைக் குறிக்கும் 'பிரெக்கி', கைத்தொழிலாளரைக் குறிக்கும் 'டிரேடி' போன்ற சுருக்கச் சொற்களை எழுத்தாளர் எழுதியிருந்தால் மட்டும் சொல்லுங்கள். நடிகரே சொந்தமாகச் சேர்க்கும் சுருக்கச் சொற்கள் சுற்றுலாக் கடையில் வாங்கிய தொப்பியைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். புகழ்பெற்ற ஒரு வசனத்தை வைத்துப் பயில்வதும் வேண்டாம். டிங்கோ என்னும் ஆஸ்திரேலியக் காட்டுநாயிடம் லிண்டி சேம்பர்லேன் தன் குழந்தையை இழந்தபோது எழுப்பிய கூக்குரல் அமெரிக்காவில் நகைச்சுவைத் துணுக்காகிப்போனது. அதைச் சொல்லிப் பழகும் வாயில் கேலியும் சேர்ந்தே பழகிவிடும்.

13. வசனம் இல்லாமல் பேசுதலும் உணர்ச்சிச் சோதனையும்

ஐந்தாம் வாரத்தில் பிரதியை மூடிவிட்டுக் கடைக்குப் போங்கள், தொலைபேசியில் முகவரி கேளுங்கள், நண்பரிடம் நேற்றைய நாளைப் பற்றிச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் இந்த உச்சரிப்பிலேயே செய்யுங்கள். சிந்தித்துக்கொண்டே பேசும்போது நிலைக்காத உச்சரிப்பு படப்பிடிப்பிலும் நிலைக்காது.

அடுத்து, ஒரே காட்சியைக் கோபத்தில், அழுகையில், கிசுகிசுப்பில், ஓடி மூச்சிரைக்கும்போது என நான்கு முறை பதிவு செய்யுங்கள். குரல் உயரும்போது தாடை திறந்து, நான்காம் படியில் அமைத்த இருப்பு கலைகிறது. அதனால்தான் பிழைகள் கத்தும் இடங்களில் குவிகின்றன. என்னோடு பயின்ற அமெரிக்க நடிகர் ஒருவர் ஒத்திகை முழுவதும் ஒரு பிழையும் இல்லாமல் பேசினார். படப்பிடிப்பில் கடற்கரையில் மகளைப் பெயர் சொல்லிக் கூவும் காட்சியில் அவருடைய சொந்த ஊர் ரகரம் அலைகளுக்கு மேல் கேட்டது. கத்தும் காட்சிகளை அறைக்குள் அமைதியாகவே ஒத்திகை பார்க்க அனுமதித்தது என் பிழை. அதற்குப் பிறகு திறந்தவெளியில் பயிலாமல் எவரையும் அனுப்பியதில்லை.

14. படப்பிடிப்புத் தளத்தில்

ஒப்பனை நாற்காலியில் உட்காரும் நேரத்தில் மாதிரிக் குரலைப் பத்து நிமிடம் கேளுங்கள். அதன் பிறகு அன்றைய படப்பிடிப்பு முடியும் வரை அதே உச்சரிப்பில் பேசுவது, இடையிடையே மாறுவதைவிடக் களைப்புக் குறைவானது. ஒரே ஆபத்து, தளத்தில் உள்ள ஆஸ்திரேலியத் தொழிலாளர்களின் பேச்சு ஒட்டிக்கொள்வது. மூன்றாம் வாரப் படப்பிடிப்பில் மருத்துவர் பாத்திரம் மெல்ல மெல்ல விளக்கு ஊழியர்போலப் பேசத் தொடங்கியிருக்கும். வாரம் ஒருமுறை முதல் நாள் பதிவையும் அன்றைய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த நகர்வு பிடிபடும்.

ஆஸ்திரேலிய நடிகர் ஒருவர் உங்கள் அண்ணனாகவோ தாயாகவோ நடிக்கிறார் என்றால், மாதிரிக் குரலைவிட அவருடைய குரலுக்கே முன்னுரிமை கொடுங்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் 'டான்ஸ்' என்பதை இரண்டு விதமாகச் சொன்னால் ரசிகர்கள் அதைத்தான் பேசுவார்கள்.

பயிற்சியாளர் ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் ஓடிவந்து திருத்தினால் நடிப்பு இறுகிவிடும். ஒரு டேக்குக்கு ஒரே ஒரு திருத்தம், அதுவும் சொல்லைச் சொல்லிக் காட்டாமல் 'மூன்றாம் வரியில் ரகரம்' என்பதுபோல இடத்தை மட்டும் சொல்வது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

15. டப்பிங் அறையில் சரிசெய்யக்கூடியவை

தளத்தில் தவறிய சொற்களைக் காட்சி எண்ணோடும் டேக் எண்ணோடும் அன்றன்றே எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து எந்தச் சொல் உறுத்தியது என்று எவருக்கும் நினைவிருக்காது. நாக்குக்குள் நடக்கும் பிழைகளான ரகரம், லகரம், தட்டொலி ஆகியவற்றை அண்மைக் காட்சியிலும்கூட டப்பிங்கில் மாற்றிவிடலாம். உதட்டின் வடிவத்தில் தெரியும் ஓகார, ஊகாரப் பிழைகளையும், குறில் நெடில் பிழைகளையும் முகம் திரும்பியிருக்கும் காட்சிகளில் மட்டுமே மறைக்க முடியும். டப்பிங் நாளுக்குப் பத்து நாள் முன்பே பயிற்சியை மீண்டும் தொடங்குங்கள். நான்காம் படியிலிருந்து தொடங்கினால் போதும். அறையில் முதலில் திருத்த வேண்டிய சொல்லைப் பதிவு செய்யாமல், சரியாக வந்த முந்தைய வரியைக் கேட்டு, அதைத் தொடர்ந்து பேசுவதாகவே பதிவு செய்யுங்கள். தனிச்சொல்லாகப் பதிவு செய்தது காட்சியில் ஒட்டுப்போட்டதைப் போலத் தனித்துக் கேட்கும்.